நடைகட்டுக் காப்பி இல்லாத அலுவலகம்

ஒத்திசைவு அலுவலகத்தில் காப்பி ஒழிக்கப்பட்ட செய்தியை ஸும்ரா, காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அறிந்தாள். எழுத்தர் யத்ராங்கா சுற்றறிக்கையை அடுக்களைக் கதவில் பசை தடவி ஒட்டினாள். பசை காய்வதற்குள் இயக்குநர் பெசிம் வந்து, கடைசியாக ஒரு காப்பி கேட்டு வாங்கி, அதைக் குடித்தபடியே சுற்றறிக்கையை ஒருமுறை படித்துச் சரிபார்த்தார். அதில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. அளக்க முடியாத விழிப்பு விழிப்பாகாது. காப்பி தரும் விழிப்பை அளக்க முடியாது. ஆகவே, வரும் திங்கட்கிழமை முதல் ஊழியரும் விருந்தினரும், பொட்டலம் ஒன்றுக்கு எண்பது மில்லிகிராம் காஃபீன் அடங்கிய விழிப்புத்தூளையே நீரில் கலந்து அருந்துவர்.

அலுவலகம் போஸ்னா ஆற்றின் கரையில் நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. மாவட்டத்தின் பிற அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று எழுதும் கடிதங்கள் ஒன்றையொன்று மறுக்காதபடி பார்த்துக்கொள்வது அதன் பணி. மறுக்குமானால், இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று எழுதப்படும். இதற்குக் கூட்டங்கள் தேவைப்பட்டன; கூட்டங்களுக்குக் காப்பி தேவைப்பட்டது; காப்பிக்கு ஸும்ரா இருந்தாள். இருபத்தாறு ஆண்டுகளாக அரசுப் பதிவில் அவளுடைய பதவியின் பெயர், காப்பி சமைப்பவர் என்பதே. ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. இடையில் வேலையை விட்டால் அந்த இருபத்தாறு ஆண்டுகளும் பாதியாகிவிடும் என்று சட்டம் கூறியது.

அவள் வேலை எளிதன்று. விருந்தினர் வந்து அமர்ந்ததும் வரவேற்புக் காப்பி போகவேண்டும். பேச்சு சூடுபிடித்ததும் பேச்சுக் காப்பி. போதும் என்று இயக்குநருக்குத் தோன்றும்போது அவர் மேசையடியில் இருக்கும் மணியைக் காலால் அழுத்துவார். மூன்றாவது காப்பி உள்ளே போகும். அதற்கு அந்த ஊரில் நடைகட்டுக் காப்பி என்று பெயர். அதைக் குடித்து முடித்தவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். அதற்கு முன் எழுபவன் பண்பில்லாதவன்; ‘கிளம்புங்கள்’ என்று வாய்திறந்து சொல்பவன் அவனினும் கீழானவன். அமைச்சர்களும் பாதிரியார்களும் வரி அதிகாரிகளும் இந்த ஒரு சட்டத்தை மட்டும் மீறியதில்லை. சுற்றறிக்கையை எழுதியவரும் இந்நாட்டவர்தாம். நாள்தோறும் அந்தக் காப்பியைக் குடித்தே வீட்டுக்குப் போனவராதலால், அதைப்பற்றி எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை, தலைநகரிலிருந்து வல்லுநர் டாக்டர் திஹோமிர் வந்தார். தூளைக் கண்ணாடிக் குவளையில் கொட்டி நீரூற்றிக் கலக்கினார். அது கார் எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் நீரின் நீலத்தில் இருந்தது. காட்டுப்பழச் சுவை என்று உறையில் எழுதியிருந்தது. எந்தக் காடு என்று எழுதவில்லை. ஊழியர் அனைவரையும் நிற்கவைத்து அவர் விளக்கினார்.

“உடம்புல களைப்புன்னு ஒரு பொருள் ஊறிக்கிட்டே இருக்கும். அது வந்து உட்கார்றதுக்குன்னு மூளையில நாற்காலிங்க இருக்கு. அது உட்கார்ந்தா நமக்குத் தூக்கம் வரும். காஃபீன் என்ன பண்ணுதுன்னா, முந்திக்கிட்டுப் போயி அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கும். அவ்வளவுதான். அதுவா ஒரு வேலையும் செய்யாது. வேற யாரையும் உட்கார விடாது.”

“நம்ம ஆபீஸ் மாதிரி,” என்று பின்வரிசையில் யாரோ கூறினார். இயக்குநர் அதைப் பாராட்டாக ஏற்றுத் தலையசைத்தார்.

“அப்ப அந்தக் களைப்பு எங்க போகும், டாக்டரய்யா?” என்று ஸும்ரா கேட்டாள்.

“எங்கயும் போகாது. வெளிய நிக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

“அஞ்சு மணி நேரத்துல பாதி நாற்காலி காலியாகும். ஆனா அதுக்குள்ள நீங்க அடுத்த பொட்டலம் குடிச்சிருப்பீங்களே.”

“நின்ன களைப்பெல்லாம் ஒரு நாள் மொத்தமா உள்ள வந்தா?”

“அது எங்க திட்டத்துக்கு வெளிய நடக்கிற விஷயம், அம்மா.”

அன்று முதல் ஸும்ராவின் பதவி கலவைப் பணியாளர் என்று மாறியது. அதற்கென்று ஒரு விதி இருந்தது. நாளொன்றுக்கு நான்கு முறை தூள் கலக்கப்படும். ஒவ்வொரு கலவையிலும் முதல் குவளையைக் கலக்கியவரே அருந்தி, மற்ற ஊழியரைப்போல் தம் நாடித்துடிப்பைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். தம் கலவையைத் தாமே நம்பாத ஊழியரை மக்கள் எப்படி நம்புவர் என்று விதியின் அடிக்குறிப்பு கேட்டது. சென்ற இலையுதிர்காலத்தில் அரசு மருத்துவர் அவளுடைய நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் இடையிடையே ஒரு துடிப்பைத் தாண்டிப் போகிறது, நாளுக்கு ஒரு சிறிய கிண்ணம் காப்பிக்குமேல் கூடாது என்று கூறியிருந்தார். அந்தச் சீட்டை அவள் இயக்குநரிடம் காட்டினாள். சீட்டு காப்பியைப் பற்றியது, இங்கே காப்பியே இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார்.

முதல் குவளையில் காதுகள் சூடாயின. கன்னத்திலும் கைகளிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தூள் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று திஹோமிர் மகிழ்ந்தார். ஊர்வதற்கென்றே ஒரு பொருளைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்களாம். இரண்டாவது குவளையில் எறும்புகள் போயின, விரல்நுனிகளும் உடன்போயின. கையிலிருந்த கண்ணாடிக் குவளை நழுவியதை, அது தரையில் உடைந்த ஓசையால்தான் அவள் அறிந்தாள். நான்காவதில், நெஞ்சுக்குள் ஒருவர் மாடிப்படியில் ஓடிவந்து ஒரு படியைத் தவறவிட்டார். பிறகு மறுபடி ஓடினார்.

நாடி பார்க்கும் கருவியை விரலில் மாட்டிக்கொண்டு யத்ராங்காவின் மேசைமுன் அமர்ந்தாள்.

“நூத்திநாலு. எழுதிக்கம்மா.”

யத்ராங்கா பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினாள். “ரெண்டு கட்டம்தான் அக்கா இருக்கு. நூத்திநாலு எப்படி நுழையும்?”

“அப்ப என்ன செய்றது?”

“எழுபத்திரண்டுன்னு போட்டுடுவோம். எல்லாருக்கும் அதான் போடறேன். பார்க்கவும் லட்சணமா இருக்கு.”

ஸும்ரா பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எழுபத்திரண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அணிவகுத்து நின்றன. அவற்றுள் ஒன்று வாயிற்காவலர் ஹம்தோவினுடையது. ஹம்தோ மார்ச் மாதமே மகளுடன் வாழ ஜெர்மனிக்குப் போய்விட்டார், இது ஜூன்.

“ஹம்தோதான் ஊர்லயே இல்லியே?”

“அவரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? காலியா விட்டா மேலேருந்து கேள்வி வரும். எழுபத்திரண்டுன்னா யாரும் கேக்கறதில்ல.”

இரண்டு வாரங்களில் ஸும்ராவுக்குப் பழகிவிட்டது. பழக்கம் என்பது, ஒன்றும் தெரியாமற்போவது. இரவென்பது கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கும் நேரம் என்றாயிற்று. நாத்தனார் தொலைபேசியில் அழுதாள். ஸும்ரா வானிலை அறிக்கையைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, சரி என்றாள். சூப்பில் உப்பில்லை என்று கணவர் கூறிய பிறகே உப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. துணி தைக்கும்போது ஊசி குத்திய இடத்தில் இரத்தம் வந்தது. வலி வரவில்லை.

இதற்கிடையில் கூட்டங்கள் முடிவதை நிறுத்திக்கொண்டன.

முதலில் எவரும் கவனிக்கவில்லை. குடிநீர் வாரியத்திலிருந்து இருவர், கடைவீதிச் சதுக்கத்தில் உடைந்த குழாய்பற்றிப் பேச வந்தனர். முதற்பொட்டலம் அருந்தினர், இரண்டாம் பொட்டலம் அருந்தினர். பேச்சு முடிந்தது. இயக்குநர் மணியை அழுத்தினார். ஸும்ரா தன்னிடம் இருந்ததை, அதாவது மூன்றாம் பொட்டலத்தைக் கொண்டுபோனாள். முதல் இரண்டையும்போல் அதுவும் நீலமாக, காட்டுப்பழமாக இருந்தது. போகச் சொல்கிறார்களா, இருக்கச் சொல்கிறார்களா என்று விருந்தினருக்குப் புலப்படவில்லை, ஆகவே இருந்தனர். எழவில்லையே, இன்னும் ஏதோ இருக்கிறதுபோலும் என்று இயக்குநர் எண்ணினார், ஆகவே பேசினார். மாலையில் துப்புரவுப் பணியாளர் அவர்களுடைய கால்களைத் தூக்கச் சொல்லிப் பெருக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்தவர்கள் அவர்களை அதே நாற்காலிகளில் கண்டனர். எவருக்கும் தூக்கம் வராததால் அது இடையூறாகத் தோன்றவில்லை. ஒருவருடைய மனைவி கீரை வைத்துச் சுட்ட பீட்டா அடையைச் சன்னல் வழியாக நீட்டிவிட்டு, வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

நிலைமை தலைநகருக்குத் தெரிவிக்கப்பட்டது. திஹோமிர் நிலைமையை ஆராய்ந்து, குறை சுவையில் இல்லை, நிறத்தில் இருக்கிறது என்று கண்டறிந்தார். ஒரு மாதத்தில் நிறைவுப் பொட்டலம் என்று ஒன்று வந்தது. அது செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. கண்டதும் எழவேண்டும் என்று சுற்றறிக்கை கூறியது. எழுவதற்கு ஆற்றல் வேண்டுமென்பதால் அதில் காஃபீன் இருமடங்காக்கப்பட்டிருந்தது. அதனை அருந்தியவர்கள் எழத்தான் செய்தனர். எழுந்து நின்று, மேசையைச் சுற்றி நடந்தபடி, இரண்டு மடங்கு விரைவாகப் பேசினர். காலைக் கூட்டத்தில் ஒருவர் தம் தந்தையின் நிலத்தகராறு முழுவதையும் சொல்லி முடித்து, மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னார்.

ஸும்ராவின் நெஞ்சில் ஓடியவர் இப்போது படிகளை இரண்டிரண்டாகத் தவறவிட்டார். ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் அடுக்களைத் தரையில் அமர்ந்து, எழ முடியாமல் கால்மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அச்சம் வராததே சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள், கலவையை அருந்தும் கடமையிலிருந்து மட்டும் தனக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். வேலை வேண்டாம் என்று அவள் எழுதவில்லை. உயிரோடு வேலை பார்க்கவேண்டும் என்று மட்டுமே எழுதினாள்.

விண்ணப்பத்தை ஆராய ஒரு குழு அமைந்தது. திஹோமிர் தலைவர், பெசிம் உறுப்பினர், யத்ராங்கா குறிப்பெழுத்தர். குடிநீர் வாரியத்தார் இருவரும் ஏற்கெனவே அங்கேயே இருந்ததால் உறுப்பினர்களாகச் சேர்க்கப்பட்டனர்.

காலை எட்டு மணிக்குக் குழு கூடியது. அறிகுறிகளை நேரில் காணவேண்டும் என்பதற்காக ஸும்ரா அவர்கள்முன் இரண்டு பொட்டலம் அருந்தினாள். கருவி நூற்றுப்பதினெட்டு என்றது. குழு அதனை மரியாதையோடு பார்த்தது. பிறகு திஹோமிர் பதிவேட்டைத் திறந்தார்.

“இவங்க நெஞ்சு படபடக்குதுன்னு சொல்றாங்க. பதிவேடு எழுபத்திரண்டுன்னு சொல்லுது. ஒண்ணு தனிமனுஷியோட அபிப்பிராயம். இன்னொண்ணு முத்திரை குத்தின ஆவணம். நான் அறிவியல்காரன். முத்திரை எங்க இருக்கோ அங்கதான் நிப்பேன்.”

யத்ராங்கா தலையைக் குனிந்து அதனையும் எழுதிக்கொண்டாள்.

பெசிம் நெடுநேரம் தொண்டையைச் செருமினார். “நான் ஸும்ராம்மாவுக்கு எதிரி இல்ல. இருபத்தாறு வருஷமா அவங்க கையால குடிச்சவன். இந்தத் திட்டம் வேலை செய்யலேன்னும் எனக்குத் தெரியும். ஆனா வேலை செய்யாத திட்டத்துக்கு ஒரு விலக்கு குடுத்தோம்னா, அது வேலை செய்யலேன்னு ஆயிடுமே.”

குடிநீர் வாரியத்தாரில் மூத்தவர் கையுயர்த்தினார். குழாய் இன்னும் உடைந்தே இருக்கிறது என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பினார். சதுக்கத்தில் தேங்கிய நீரில் வாத்துகள் வந்து தங்கிவிட்டனவாம், பேரப்பிள்ளைகள் சொன்னார்களாம். அது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்று தலைவர் தீர்ப்பளித்தார். மூத்தவர் நன்றி கூறி அமர்ந்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்குள் எல்லாம் பேசியாயிற்று. எல்லாம் மறுபடியும் பேசியாயிற்று. முத்திரையின் பக்கம் நின்றிருந்த திஹோமிர்கூட, விலக்கு என்று சொல்லாமல் ‘கலவையிலிருந்து தற்காலிகத் தொலைவு’ என்று எழுதினால் தமக்கு மறுப்பில்லை என்றார். தட்டெழுதிய தாள் பெசிம்முன் வைக்கப்பட்டது. அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். ஒன்று நினைவுக்கு வந்தது, மூடினார். அதைச் சொன்னார். திறந்தார். திஹோமிருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மூடினார். நிறைவுப் பொட்டலம் மூன்றாம் முறையாக வந்துபோனது. பெசிமின் கால் மேசையடியில் மணியை மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருந்தது. அவருடைய முகம் அதை அறியவில்லை.

இவர்கள் கையெழுத்திடுவார்கள் என்பதில் ஸும்ராவுக்கு ஐயமில்லை. இன்றோ, நாளையோ, வாத்துகள் குஞ்சு பொரிக்கும்போதோ. அதுவரை அவள் கதவருகே நின்று, கலக்கி, முதற்குவளையை அருந்தவேண்டும். விண்ணப்பம் ஆய்வில் இருக்கும் காலத்தில் கடமை தொடரும் என்று விதி தெளிவாகவே கூறியது.

அவள் அடுக்களைக்குப் போனாள். காடிப் புட்டிகளுக்குப் பின்னால் நீண்ட பிடி வைத்த பழைய செப்புக் காப்பிப் பாத்திரமான ஜெஸ்வா இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு தகரடப்பாவில் இரண்டு கைப்பிடி காப்பித்தூள். இதை உள்ளே கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று அவளைவிட நன்கறிந்தவர் கட்டடத்தில் இல்லை. நடைகட்டுக் காப்பியைக் குடித்தவர் மறுபடி அமர்ந்து கையெழுத்திடுவதில்லை. தாள் அப்படியே கிடக்கும். கொண்டுபோகாவிட்டால் கூட்டம் முடியாமல் கிடக்கும். நெஞ்சில் ஒரு படி தவறியது. அடுத்த படி வருவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

அடுப்பைப் பற்றவைத்தாள். நுரை இருமுறை எழும்பி அடங்கியது. சூடேறிய செம்பில் விரல் பட்டது. சுட்டது என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது. ஐந்து பிங்கான் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சர்க்கரைக் கட்டி வைத்தாள்.

மணம் அவளுக்கு முன்னே கூட்ட அறைக்குள் நுழைந்தது. திஹோமிர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டார். எவரும் சுற்றறிக்கையை நினைவூட்டவில்லை. சர்க்கரைக் கட்டியை நனைத்துக் கடித்து, மெல்ல உறிஞ்சிக் குடித்தனர். குடிநீர் வாரியத்தாரில் இளையவரின் கண்களில் நீர் நின்றது. மூத்தவர் முழங்காலைத் தட்டினார்.

“சரி, அப்ப…” என்றார்.

“சரி, அப்ப,” என்றனர் எல்லாரும். நாற்காலிகள் பின்னே நகர்ந்தன. வீட்டில் உள்ளவர்களைக் கேட்டதாகச் சொல்லும்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். பெசிம் எழுந்துவிட்டிருந்தார். தாளைப் பார்த்தார், காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

“நாளைக்குப் பார்ப்போம், ஸும்ராம்மா.”

“சரிங்கய்யா.”

கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். அடுக்களைச் சாவியை ஆணியில் மாட்டினாள். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஓராண்டே இருந்தது என்று அறிவுக்குத் தெரிந்தது. அது வேறு எவருடைய ஓய்வூதியமோபோல் இருந்தது. மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாள் உறங்கினாள். வெளியே நின்றிருந்த களைப்பெல்லாம் உள்ளே வந்து அமர்ந்தது.

ஒரு வாரம் கழித்து, முறையாகவே இருக்கட்டும் என்று ராஜினாமாக் கடிதத்துடன் அலுவலகத்துக்குப் போனாள். யத்ராங்கா அதனை வாங்க மறுத்தாள்.

“நீங்கதான் வேலைக்கு வந்திருக்கீங்களே, அக்கா. இன்னைக்குக் காலையிலகூட எழுபத்திரண்டு.”

“நான் இப்பத்தானேடி வாசல்ல வந்து நிக்கிறேன்.”

“அதான் சிக்கல். அடுக்களையில இருக்கிறவங்க வாசல்ல நின்னு எப்படி ராஜினாமா குடுப்பாங்க?” யத்ராங்கா பதிவேட்டை மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். “போங்கக்கா. நாலு வேளையும் நான் பாத்து எழுதிக்கறேன். நாடிக்கு ஒண்ணும் ஆகாது.”

 ஸும்ரா கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, கிண்ணத்தின் சூடு விரலுக்குத் தெரிந்தது.

ஓய்வுபெறும் நாள் உரிய தேதியில் வந்தது. பாராட்டு விழாவுக்கு அழைப்பும் வந்தது. அதில் அவள் பெயருக்குக்கீழ் ‘முன்மாதிரி இதயம்’ என்று அச்சிட்டிருந்தது. போனாள். மேசையின் நடுவில் விருந்தினர் நாற்காலியில் அமர்த்தப்பட்டாள். குடிநீர் வாரியத்தார் இருவரும் எதிரில் இருந்தனர். மறுபடி எப்போது வந்தனர் என்று அவள் கேட்கவில்லை. நிறைவுப் பொட்டலம் இப்போது ஐந்தாம் வகையை எட்டி, கரும்பச்சையாக இருந்தது.

திஹோமிர் முதலில் பேசினார். “விலக்கு வேணும்னு கேட்டாங்க. நாங்க குடுக்கல. குடுத்திருந்தா இந்த எழுபத்திரண்டு கிடைச்சிருக்குமா? இதய நோயாளிக்கும் நம்ம தூள் நல்லதுங்கிறதுக்கு இன்னைக்குத் தலைநகர்ல இவங்கதான் சாட்சி.”

அடுத்துப் பெசிம். “ஏறல, இறங்கல. இந்தக் கட்டடத்துல இவங்க நெஞ்சு மாதிரி ஒழுங்கா வேலை செஞ்சது வேற எதுவும் இல்ல. நான் உட்பட.” கைதட்டினர். ஒரு பெட்டி நிறைய விழிப்புத்தூள் பரிசாக வழங்கப்பட்டது.

அதன்பின் எல்லாரும் பேசினர். அதன்பின் எல்லாரும் மறுபடி பேசினர். இரண்டு மணி நேரம் கழிந்ததும், மேசையடியில் ஒரு கால் எதையோ அழுத்தும் சிறு ஓசை ஸும்ராவுக்குக் கேட்டது. பெசிம் அவளைப் பார்த்தார். திஹோமிரும் பார்த்தார். யத்ராங்கா குனிந்து அவள் காதருகே வந்தாள்.

“அக்கா… சாவி அதே ஆணியிலதான் இருக்கு.”

ஸும்ரா அதனை எண்ணிப் பார்த்தாள். அவள் இன்று விருந்தினர். விருந்தினரே நடைகட்டுக் காப்பியைச் சமைத்துக் கொண்டுவருவது எங்கும் வழக்கமில்லை. அவள் இரு கைகளாலும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மேசை அதிர்ந்து அவளை நோக்கியது; இருபத்தேழு ஆண்டுகளில் அந்த அறையில் காப்பி குடிக்காமல் எவரும் அப்படி எழுந்ததில்லை.

“எங்க… எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் பெசிம்.

“நான் வீட்லயே குடிச்சிட்டு வந்துட்டேங்கய்யா.”

பரிசுப் பெட்டியை நாற்காலியின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினாள். உள்ளே பேச்சு ஒரு கணம் நின்றது. நாற்காலி எதுவும் நகரும் ஓசை கேட்கவில்லை. பிறகு பெசிமின் குரல், விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.